தீயில் போன கரையோர வீடு: அதே இடத்தில் திரும்பக் கட்டும் உரிமை உண்டா?

அலைவாய் எழுதியது:

வணக்கம். தண்ணீரை ஒட்டி எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. அப்பா முறையாக பிளான் அனுமதி வாங்கிக் கட்டியது. மின்கசிவில் பிடித்த தீயில் கூரை, மாடி, உள்சுவர் எல்லாம் போய்விட்டன. அஸ்திவாரமும் தண்ணீரைப் பார்த்த பக்கத்துச் சுவரும் மட்டும் நிற்கின்றன. யாருக்கும் காயமில்லை, அந்த மட்டில் நிம்மதி.

அதே இடத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தோம். இப்போது எல்லாப் பக்கமும் முட்டுகிறது. கரையிலிருந்து இத்தனை தூரம் தள்ளித்தான் கட்ட வேண்டும் என்ற விதி வீடு கட்டிப் பல வருடம் கழித்து வந்தது. "வீடு இருந்தவரை சரி, இப்போது வீடே இல்லையே, புதுசாகக் கட்டுபவர் போல நீங்களும் பின்னால் தள்ளிப் போங்கள்" என்கிறார்கள். பின்னால் சாலை. தள்ளிப் போக இடமில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்துவிட்டார். புது வீடு உயர்ந்தால் அவருக்குத் தண்ணீர் தெரியாதாம், எங்கள் படிக்கட்டும் அவர் எல்லைக்குள் இருக்கிறதாம். இன்சூரன்ஸ் கம்பெனி தேய்மானம் கழித்த தொகையை மட்டும் இப்போது தருமாம், மீதி கட்டி முடித்த பிறகுதானாம். வந்த செக்கிலும் பேங்க் பெயர் சேர்ந்திருப்பதால் அது அவர்கள் கையில். இதற்கு நடுவில் இடிபாடுகளைச் சீக்கிரம் அகற்றச் சொல்லி நோட்டீஸ்.

வழக்கு வரும் போலிருப்பதால் ஊர், நாடு எதுவும் சொல்ல வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். பொதுவாகச் சொன்னாலே போதும். எதை முதலில் பிடிப்பது?

மனுநீதி எழுதியது:

அலைவாய், முதலில் அந்த இடிபாட்டைத் தொடாதீர்கள். நோட்டீஸுக்குப் பயந்து நாளைக்கே ஜேசிபி கூப்பிட்டால் உங்கள் வழக்கின் பாதி லாரியில் ஏறிப் போய்விடும். அவகாசம் கேட்டு இன்றே எழுத்தில் பதில் கொடுங்கள். "அளவெடுப்பும் காப்பீட்டு ஆய்வும் முடியவில்லை" என்ற காரணமே போதும். சாம்பல் தண்ணீரில் கலக்காமல் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் மண்மூட்டை அடுக்கி, அதையும் போட்டோ எடுத்து அந்தக் கடிதத்தோடு வையுங்கள். அவர்கள் அவசரப்படுவதில் நியாயமான பகுதி அது ஒன்றுதான். அதைத் தீர்த்துவிட்டால் அவகாசம் கிடைப்பது சுலபம்.

பிறகு அங்கீகாரம் பெற்ற சர்வேயரை வைத்து அஸ்திவாரத்தின் நான்கு மூலை, நிற்கும் சுவரின் உயரம், தரைமட்டம், படிக்கட்டு, அன்றைய நீர் எல்லை எல்லாவற்றையும் அளந்து கையெழுத்துப் போட்ட வரைபடமாக வாங்குங்கள். "இருந்த வீட்டையே திரும்பக் கட்டுகிறேன்" என்பதுதான் உங்கள் வாதம். என்ன இருந்தது என்று காட்ட முடியாவிட்டால் அந்த வாதம் நிற்காது.

இனி உரிமை. கட்டும்போது சட்டப்படி சரியாக இருந்து, பின்னால் வந்த விதிக்குப் பொருந்தாமல் போன கட்டடத்தை ஏறக்குறைய எல்லா நாட்டுச் சட்டமும் தனியாகத்தான் நடத்துகிறது. இருக்கும் வரை இருக்கட்டும், பெரிதாக்காதே என்பது பொது வழக்கம். தீயில் அழிந்தால் என்ன என்பதில்தான் இடத்துக்கு இடம் மாறுகிறது.

கலிஃபோர்னியாவின் கடலோரச் சட்டம் 1976ஆம் ஆண்டினுடையது. பேரழிவில் அழிந்த கட்டடத்தைத் திரும்பக் கட்ட, அந்தச் சட்டம் கேட்கும் கடலோர அனுமதியிலிருந்து அதிலேயே விலக்கு இருக்கிறது. அதே இடம், அதே பயன்பாடு, பரப்பும் உயரமும் கனமும் பழையதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடக்கூடாது, நடப்பு மண்டல விதிக்கும் பொருந்த வேண்டும். உரிமையாளரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணத்தால் அழிந்திருந்தால் அது பேரழிவு. ஊரே எரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, ஒரே ஒரு வீடு எரிந்தாலும் பொருந்தும். வாஷிங்டன் மாநிலத்தின் கரையோர விதி வேறு மாதிரி. சேதம் மாற்றுச் செலவில், அதாவது அதையே இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவில், 75 சதவீதத்துக்குள் இருந்தால் பழைய அமைப்பிலேயே கட்டலாம், ஆனால் சேதமான நாளிலிருந்து குறிப்பிட்ட கெடுவுக்குள் விண்ணப்பம் போட வேண்டும்.

இந்தக் கெடுவைக் கவனியுங்கள். பல இடங்களில் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று இருக்கும். இன்சூரன்ஸ் பேச்சுவார்த்தை இழுத்துக்கொண்டே போகும்போது இந்தக் கெடு சத்தமில்லாமல் முடிந்துவிடும். பணம் வராவிட்டாலும் விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள், முழு வரைபடம் பிறகு தருகிறேன் என்று எழுதியாவது.

கட்டுமானி எழுதியது:

சார் சொன்ன சதவீதத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. 50 சதவீதம், 75 சதவீதம் என்றால் எதில் சதவீதம்? வாஷிங்டனில் மாற்றுச் செலவில். அமெரிக்க வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் கட்டடத்தின் சந்தை மதிப்பில், அதுவும் நிலத்தின் விலை சேராமல். கரையோரத்தில் நிலம்தான் விலை, பழைய வீட்டுக்கு மதிப்பு குறைவு. ஆகவே கொஞ்சம் எரிந்தாலே 50ஐத் தாண்டிவிடும். அந்தத் திட்டத்தில் சேதம் எதனால் வந்தாலும் கணக்கில் சேரும். ஒரு சொட்டு வெள்ளம் வரவில்லை, தீயில்தான் போனது என்றாலும், வெள்ள அபாயப் பகுதியில் 50 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் தரைமட்டத்தை வெள்ள உயரத்துக்கு மேலே தூக்கித்தான் கட்ட வேண்டும்.

அங்கேதான் பக்கத்து வீட்டுக்காரர் வருகிறார். தரையைத் தூக்கு என்கிறது ஒரு விதி, மொத்த உயரம் பழையதைத் தாண்டாதே என்கிறது இன்னொரு விதி. இரண்டையும் கடைப்பிடித்தால் ஒரு மாடி போய்விடும். உயரத்தை வெள்ளமட்டத்திலிருந்து அளப்பார்களா, இயற்கையான தரையிலிருந்து அளப்பார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுத்தான் பிளான் போட வேண்டும்.

அப்புறம் அந்த அஸ்திவாரம். நிற்கிறது என்பதற்காக நம்பிவிடாதீர்கள். கான்கிரீட் 300 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பலம் குறையத் தொடங்கும். பல வகை ஜல்லியில் அந்தச் சூட்டில் இளஞ்சிவப்பு நிறம் ஏறும். உடைத்துப் பார்த்தால் வெளிப்புறம் சிவந்து உள்ளே சாம்பல் நிறமாக இருப்பது கண்ணுக்கே தெரியும், சூடு எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதும் அதிலேயே புரியும். வீட்டுக்குள் எரிந்த பிவிசி குழாய், வயர் உறையிலிருந்து வந்த புகை குளோரைடாகக் கான்கிரீட்டில் படிந்து கம்பியை அரிக்கும். உப்புக்காற்று பட்ட கம்பிக்கு இது இரட்டை அடி. கோர் எடுத்து, அதாவது கான்கிரீட்டை உருளையாகத் துளைத்து மாதிரி எடுத்து, சோதனை செய்து அறிக்கை வாங்குங்கள்.

ஆனால் அந்த அறிக்கை யார் கைக்குப் போகும் என்று யோசித்த பிறகு எழுதச் சொல்லுங்கள். இன்சூரன்ஸுக்கு "முழுச் சேதம்" என்று எழுதினால் பணம் கூடும். அதே தாளை அனுமதி தரும் அலுவலகம் எடுத்து "அழிந்துவிட்டது என்று நீங்களே சொல்கிறீர்களே" என்று உரிமையை மறுக்கும். இரண்டு இடத்துக்கு இரண்டு விதமாக எழுதிக் கொடுத்தால் அது மோசடியில் போய் முடியும். உள்ளதை உள்ளபடி எழுதிய ஒரே அறிக்கைதான் இரு பக்கமும் தாங்கும்.

நெய்தல் எழுதியது:

உங்கள் இழப்புக்கு உண்மையாக வருந்துகிறேன். ஆனாலும் இங்கே யாரும் பேசாத ஒரு பக்கம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கரையை விட்டுத் தள்ளிக் கட்டு என்ற விதி அதிகாரிகளின் வீம்பிலிருந்து வந்ததில்லை. கரை நகர்கிறது. தண்ணீரை ஒட்டிச் சுவர் எழுப்பினால் அலை அதில் மோதித் திரும்பும்போது முன்னால் இருக்கும் மணலை அள்ளிக்கொண்டு போகும், சுவர் முடியும் இடத்தில் அடுத்தவர் நிலத்தை அரிக்கும். நடந்து போகவும் வலை காய வைக்கவும் இருந்த மணல்வெளி மெல்லக் காணாமல் போகும். ஒரு வீடு போனபோதாவது அந்த இடத்தைக் கரைக்குத் திருப்பித் தரக்கூடாதா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. கரையும் நீர்நிலையும் மக்களுக்குப் பொது, அரசு அதற்கு அறங்காவலர் மட்டுமே என்பதை இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் கமல்நாத் வழக்கில், பியாஸ் ஆற்றங்கரை விடுதி விவகாரத்தில் சொல்லியிருக்கிறது.

2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் தெற்கே 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று கட்டக்கூடாத வலயம் அறிவித்தார்கள். பிறகு தளர்த்தினார்கள். மீனவக் குடும்பத்துக்கு ஓர் அளவுகோல், விடுதி முதலாளிக்கு வேறு அளவுகோலா என்று அன்று எழுந்த கோபம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எனக்கு விதி மேல் கோபமில்லை. அதை ஆளுக்கொரு மாதிரி வளைப்பதில்தான் கோபம். வசதியும் வக்கீலும் உள்ளவர் பழைய இடத்திலேயே கட்டிக்கொள்வார், இல்லாதவர் தூரமாகப் போவார்.

அலைவாய் எழுதியது:

நெய்தல், உங்கள் கேள்வியைத் தள்ளிவிட மாட்டேன். கரை சின்னதாகிக்கொண்டு வருவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த நிலத்தை விட்டால் எங்களுக்கு வேறு நிலமில்லை. பின்னால் தள்ளு என்று சொல்பவர்கள் தள்ள ஓர் இடம் தந்தால் நாளைக்கே கையெழுத்துப் போடுவேன். கட்டவும் விடாமல், வாங்கிக்கொள்ளவும் செய்யாமல், வரியை மட்டும் கட்டு என்றால் என்ன செய்வது?

மனுநீதி எழுதியது:

கடைசியாகக் கேட்டது சட்டத்தில் பெரிய கேள்வி. அரசு நிலத்தை எடுத்துக்கொள்ளாமல், விதி போட்டே அதைப் பயனற்றதாக்கினால் இழப்பீடு உண்டா?

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழக்கு இருக்கிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் மலைப்பகுதியில் ஒரு தேவாலயத்துக்கு ஓடைக்கரையில் முகாம் கட்டடங்கள் இருந்தன. 1977 ஜூலையில் மேலே காடு எரிந்தது. எரிந்த மலை தண்ணீரைப் பிடித்து வைக்காததால் 1978 பிப்ரவரியில் வெள்ளம் வந்து கட்டடங்களை அடித்துக்கொண்டு போனது. 1979 ஜனவரியில் கவுண்டி, அதாவது மாவட்ட நிர்வாகம், அந்தப் பகுதியில் எதையும் கட்டக்கூடாது என்று இடைக்காலத் தடை போட்டது. தற்காலிகத் தடையாக இருந்தாலும், அது நிலத்தைப் பறித்ததற்குச் சமம் என்று நிரூபித்தால் இழப்பீடு தர வேண்டும் என்று 1987இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கொள்கையில் தேவாலயம் ஜெயித்தது. ஆனால் வழக்கு கீழே திரும்பியபோது, உயிர்ப் பாதுகாப்புக்காகப் போட்ட நியாயமான தடை, பறிப்பு ஆகாது என்று 1989இல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. பத்து வருடத்துக்கு மேல் நடந்த வழக்கு, கையில் ஒன்றுமில்லை.

இதனால்தான் என்னிடம் வருபவர்களிடம் இழப்பீட்டு வழக்கைக் கடைசியில் வைக்கச் சொல்வேன். முதலில் விதிவிலக்கு மனு. பின்னால் தள்ள இடமில்லை, நிலத்தின் வடிவமே அப்படி, இது நீங்களாக உண்டாக்கிக்கொண்ட கஷ்டம் இல்லை என்று காட்டினால் பெரும்பாலான சட்டங்களில் தூர விதியைத் தளர்த்த அதிகாரம் இருக்கும். விதிவிலக்கு கேட்டு மறுப்பு வாங்காமல் நேராக நீதிமன்றம் போனால், "இன்னும் இறுதி முடிவே வரவில்லையே" என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள்.

அனுமதி தரும்போது நிபந்தனை போடுவார்கள். போடும் நிபந்தனை எல்லாமே செல்லுபடியாகிவிடாது. அதே 1987இல் நோலன் வழக்கு: கடற்கரையில் பழைய சின்ன வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்ட அனுமதி கேட்டார்கள். மக்கள் நடந்துபோக உங்கள் மணலில் வழி விடுங்கள் என்றது கடலோர ஆணையம். வீடு மறைப்பது சாலையிலிருந்து தெரியும் காட்சியை, நீங்கள் கேட்பது கரையில் நடக்கும் வழியை, இரண்டுக்கும் தொடர்பில்லை என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிமன்றம் அந்த நிபந்தனையைத் தள்ளியது. வீட்டால் வரும் பாதிப்புக்கும் கேட்கும் நிபந்தனைக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்ற இந்த வாதத்தை வேறு நாட்டிலும் முன்வைத்துப் பார்க்கலாம், ஆனால் இது அமெரிக்கத் தீர்ப்பு, மற்ற நாட்டு நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது.

நெய்தலுக்கு: இந்தியாவின் 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, கட்டக்கூடாத பகுதியிலும் ஏற்கெனவே உள்ள அங்கீகரிக்கப்பட்ட கட்டடத்தைப் பழுதுபார்க்கவும் திரும்பக் கட்டவும் இடம் தந்தது. இருந்த எஃப்.எஸ்.ஐ. (மனைப் பரப்புக்கு எத்தனை மடங்கு மொத்தத் தளப்பரப்பு என்ற விகிதம்), இருந்த பிளிந்த் பரப்பு (அடித்தளம் பிடிக்கும் பரப்பு), இருந்த அடர்த்தி, இவற்றைத் தாண்டக்கூடாது. எனக்கு இது நியாயமான நடுவழியாகவே படுகிறது. அதில் உயிர்நாடி "அங்கீகரிக்கப்பட்ட" என்ற சொல். கேரளத்தில் மரடு அடுக்குமாடிகளுக்கு உள்ளாட்சி அனுமதி இருந்தது, ஆனால் கடலோர ஆணையத்தின் ஒப்புதல் இல்லை. 2019இல் உச்ச நீதிமன்றம் இடிக்கச் சொன்னது, 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். அலைவாய், உங்கள் அப்பா வாங்கிய அனுமதி யார் கொடுத்தது, அன்றைக்குக் கரைக்கென்று தனி ஒப்புதல் தேவைப்பட்டதா என்பதை எதிர்த்தரப்பு தேடுவதற்கு முன் நீங்கள் தேடுங்கள்.

வடகரை எழுதியது:

எங்களுடையது ஏரிக்கரை வீடு, இதே கதை. ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். காகிதம் எல்லாம் வீட்டோடு எரிந்துவிட்டது, அலுவலகத்தில் கேட்டால் பழைய கோப்பு இல்லை என்றார்கள். சொத்து வரி விதிக்க ஒரு காலத்தில் அளந்த தாளில் அறை வாரியாக அளவு இருந்தது. பேங்க் கடன் கொடுத்தபோது வாங்கிய மதிப்பீட்டு அறிக்கையில் நான்கு பக்கப் போட்டோவும் தரைப் படமும் இருந்தன. பழைய வான்வழிப் படத்தில் கூரை, படித்துறை இரண்டும் தெளிவாகத் தெரிந்தன. உறவினர் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளைக்குப் பின்னால் எங்கள் வீட்டுத் தாழ்வாரம் முழு உயரத்தில் நின்றது. கதவின் உயரம் தெரிந்ததால் அதை வைத்துக் கூரை உயரத்தைக் கணக்குப் போட்டார் சர்வேயர், அதை ஏற்றுக்கொண்டார்கள். எல்லாரிடமும் போட்டோ கேளுங்கள் அலைவாய். வெட்கப்படாதீர்கள்.

பழைய சர்வேயர் எழுதியது:

நான் காப்பீட்டு இழப்பு மதிப்பீட்டில் வேலை பார்த்தவன். இந்த மூலையைப் பற்றிச் சொல்கிறேன்.

இழப்பை ஈடு செய்வதுதான் காப்பீடு, லாபம் தருவதில்லை. 1883இல் காஸ்டெலைன் வழக்கில் ஆங்கில நீதிமன்றம் சொன்னது இன்றும் அடிப்படை. ஆனால் ஈடு என்றால் எவ்வளவு? திரும்பக் கட்டும் செலவா, சந்தையில் குறைந்த மதிப்பா? இதற்கு 1970களின் இறுதியில் வந்த இரண்டு தீர்ப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். ரெனால்ட்ஸ் வழக்கில் பழைய மால்ட் (முளைகட்டிய தானியம்) தயாரிப்புக் கட்டடம் எரிந்தது. உரிமையாளர்கள் உண்மையாகவே திரும்பக் கட்ட நினைத்தார்கள் என்று நீதிமன்றம் நம்பியதால் கட்டும் செலவைக் கொடுத்தது. லெப்பார்ட் வழக்கில் எரிந்த வீட்டை அவர் தீக்கு முன்பே விற்க முயன்றுகொண்டிருந்தார், ஆகவே சந்தை மதிப்பில் நிலத்தைக் கழித்துத்தான் கிடைத்தது. வித்தியாசம் எண்ணத்தில். ஆகவே, "விற்றுவிடலாமா என்று பார்க்கிறோம்" என்று கம்பெனி ஆளிடம் பேச்சுவாக்கில்கூடச் சொல்ல வேண்டாம், உண்மையில் விற்கும் எண்ணம் இல்லாத பட்சத்தில். திரும்பக் கட்டப் போகிறோம் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். பல அமெரிக்க பாலிசிகளில் 180 நாளுக்குள் இப்படித் தெரிவித்தால்தான் தேய்மானம் பிடித்த மீதித் தொகையைக் கேட்கவே முடியும்.

அடுத்து, கட்டுமானி சொன்ன தரை தூக்கும் செலவு, புது செப்டிக் டேங்க், கூடுதல் தூண் இதெல்லாம் "சட்டத்தால் வந்த கூடுதல் செலவு". சாதாரண பாலிசியில் இது விலக்கப்பட்டிருக்கும், அல்லது கட்டடத் தொகையில் 10 சதவீதம் மாதிரி ஒரு சின்ன வரம்பு இருக்கும். பின்னிணைப்புத் தாள்களைப் புரட்டுங்கள். அந்த வரம்பைக் கூட்டும் இணைப்பு இருந்தால் கரையோர வீட்டுக்கு அதுதான் உயிர்.

அறிக்கை பற்றிய கண்ணிக்கு என் பங்கு. சுவர் நிற்கிறது, ஆகவே பகுதிச் சேதம் என்று கம்பெனி சொல்லும். அதே சமயம் அரசு கட்ட விட மாட்டேன் என்கிறது. அப்படிப் பழுதுபார்க்கவே சட்டம் தடுக்கும்போது அதை முழு இழப்பாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க நீதிமன்றங்கள் பல தீர்த்திருக்கின்றன. ஆக, அனுமதி மறுப்புக் கடிதம் வந்தால் மனம் உடைய வேண்டாம், பத்திரமாக வையுங்கள். அதே தாளைக் கம்பெனியிடம் நீட்டலாம்.

கடைசியாக, கட்டி முடித்தால்தான் மீதிப் பணம், அனுமதி வந்தால்தான் கட்ட முடியும், அதற்குள் பாலிசிக் கெடு முடிகிறது என்றால், ஒவ்வொரு கெடுவுக்கும் முன்னால் நீட்டிப்புக் கேட்டு எழுதுங்கள். தாமதம் உங்களால் வந்ததில்லை என்பதற்கு அந்தக் கடிதங்கள்தான் சாட்சி. கலிஃபோர்னியாவில் அவசரநிலை அறிவித்த பேரழிவு என்றால் 36 மாத அவகாசம் சட்டத்திலேயே இருக்கிறது, வேறு இடத்தில் கட்டினாலும் வாங்கினாலும்கூட அந்தத் தொகையைத் தர வேண்டும், பழைய இடத்தில் கட்ட ஆகும் செலவுக்கு உட்பட்டு. உங்கள் பாலிசியில் இப்படி ஏதாவது இருக்கிறதா பாருங்கள். நெய்தல் கேட்டதற்கும் அதில் ஒரு பதில் இருக்கிறது.

தோழி எழுதியது:

பேங்க் விஷயம்? அந்தப் பணத்தைக் கடனுக்குக் கழித்துக்கொள்ளலாமா?

பழைய சர்வேயர் எழுதியது:

கடன் பத்திரத்தைப் பொறுத்தது, அம்மா. திரும்பக் கட்டுவது சாத்தியமாக இருந்தால் பணம் கட்டுமானத்துக்கே போக வேண்டும், தவணை தவணையாக விடுவிக்கலாம் என்று பல பத்திரங்களில் இருக்கும். சாத்தியமில்லை என்றால் கடனில் கழித்துக்கொள்வார்கள். இங்கேயும் அனுமதிதான் சாவி. பணம் அவர்களிடம் கிடக்கும் காலத்துக்கு வட்டி யாருக்கு என்றும் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

வடகரை எழுதியது:

பக்கத்து வீட்டுக்காரர் விஷயத்தை எல்லாரும் விட்டுவிட்டீர்கள். எங்களுக்கு அதுதான் அதிகம் இழுத்தது.

மனுநீதி எழுதியது:

ஆமாம், சொல்கிறேன். வெளிச்சத்துக்கும் காட்சிக்கும் சட்டம் வேறுபாடு பார்க்கிறது. காட்சி மனதுக்கு இன்பம், அவசியம் இல்லை, அதற்காக வழக்குப் போட முடியாது என்பது 1610இல் ஆல்ட்ரெட் வழக்கிலிருந்து வரும் ஆங்கிலப் பொதுச்சட்டம். பத்திரத்தில் உயரக் கட்டுப்பாடு எழுதியிருந்தாலோ, காட்சியைக் காக்க உள்ளூர் விதி இருந்தாலோதான் அவர் வாதம் நிற்கும். ஆனால் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்து தாமதப்படுத்த அவருக்கு வழி உண்டு. அவருடைய ஆயுதம் தாமதம். அதைத் தெரிந்துகொண்டு பேசுங்கள்.

படிக்கட்டு இருக்கும் இடத்தில் உங்களுக்கு வழியுரிமை இருந்தால், வீடு எரிந்ததும் அது போய்விடுமா என்பது நல்ல கேள்வி. 1882ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம் இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. கட்டடம் முழுதும் அழிந்தால் அதற்கான உரிமை அணைந்துவிடும். 20 வருடத்துக்குள் அதே இடத்தில், பக்கத்து நிலத்துக்குக் கூடுதல் சுமை ஏற்றாமல் திரும்பக் கட்டினால் மறுபடி உயிர் பெறும். அதே இடம், அதே சுமை. கரையோர விதியும் சுற்றி வளைத்து இதைத்தான் கேட்கிறது. ஆகவே பெரிதாக்கும் ஆசை இருந்தால் இந்தச் சமயத்தில் அதை விட்டுவிடுங்கள். ஒரு பால்கனி கூடுதலாகக் கேட்டதால் மொத்தமும் "புது வீடு" ஆகி விலக்கு போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தோழி எழுதியது:

இன்னொன்று. அலைவாய், நிலம் உங்கள் பெயரில் மட்டுமா இருக்கிறது, அல்லது அப்பாவுக்குப் பின் உடன்பிறந்தவர்களோடு பொதுவிலா? எங்கள் குடும்பத்தில் பாலிசி அண்ணன் பெயரில், நிலம் மூவர் பெயரில். கட்டலாம் என்பவர் ஒருவர், பணத்தைப் பிரிக்கலாம் என்பவர் ஒருவர். விண்ணப்பத்தில் எல்லா உரிமையாளரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள், அங்கேயே நின்றுவிட்டது.

அலைவாய் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

தோழி கேட்டது சரியான நேரத்தில் வந்தது. நிலம் எனக்கும் தங்கைக்கும் பொது. அவள் வெளியூரில் இருந்தே அதிகாரப் பத்திரம் அனுப்பிவிட்டாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இடிபாட்டுக்கு அவகாசம் கிடைத்தது. அளவெடுத்து முடிந்தது, வரி அளவுத் தாளும் அஸ்திவார அளவும் ஒத்துப்போகின்றன. படிக்கட்டில் கீழ் இரண்டு படி மட்டும் அவர் எல்லைக்குள் இருப்பது உண்மைதான் என்று சர்வேயர் காட்டினார். அவற்றை எடுத்துவிடுகிறேன், கூரை உயரம் பழையதைத் தாண்டாது என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் வரைபடத்தோடு போய்ச் சொன்னேன். ஆட்சேபத்தைத் திரும்பப் பெறவில்லை, ஆனால் உட்கார்ந்து பேசினார்.

கோர் சோதனையில் தண்ணீர்ப் பக்கத்துச் சுவர் தேறாது என்று வந்துவிட்டது. அஸ்திவாரத்தில் பாதிக்கு மேல் தேறும். விதிவிலக்கு மனு விசாரணைக்கு வருகிறது. நெய்தல், தண்ணீர்ப் பக்கம் இருந்த அந்தச் சுவரைத் திரும்ப எழுப்பாமல், நிலம் அனுமதிக்கும் அளவுக்குக் கொஞ்சம் உள்வாங்கித் தூண் மேல் கட்டினால் என்ன என்று கட்டுமானியிடம் தனி மடலில் கேட்டேன். அதைப் பற்றி உங்கள் கருத்து வேண்டும்.

நெய்தல் எழுதியது:

அதை முழு மனதோடு வரவேற்கிறேன். முன்னால் சுவர் இல்லாமல், தூணுக்கு அடியில் மணலும் தண்ணீரும் போய்வர வழி இருந்தால் கரை மேல் படும் அடி குறையும். விசாரணையில் இதை நீங்களே முன்வந்து சொல்லுங்கள். பொதுமக்கள் தரப்பில் கருத்துக் கேட்டால் ஆதரித்து எழுதச் சொல்லி எனக்குத் தெரிந்தவர்களிடம் பேசுகிறேன்.

கட்டுமானி எழுதியது:

ஒரு எச்சரிக்கை. "அதே இடம்" என்ற விலக்கில் வருகிறீர்களா, "விதிவிலக்கு" வழியில் வருகிறீர்களா என்பதை முதலில் தீர்மானியுங்கள். உள்வாங்கிக் கட்டினால் இடம் மாறுகிறது, முதல் விலக்கு போய்விடலாம். செப்டிக் டேங்க் இடமும் மாறும், நீரிலிருந்து அதற்கென்று தனித் தூரக் கணக்கு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரித் தீக்குப் பிறகு ஆளுநர் கடலோர அனுமதியையே தளர்த்தி ஆணை போட்டார், ஆனாலும் மாலிபு கரையில் சாக்கடை இணைப்பு இல்லாத வீடுகளுக்குக் கழிவுநீர் ஏற்பாடு பெரிய தடையாக நின்றது. அனுமதித் தாள் கையில் வந்த பிறகும் இதில் மாட்டிக்கொள்வார்கள்.

மனுநீதி எழுதியது:

சரி, அப்படியானால் மனுவை இரண்டு பிரிவாக எழுதச் சொல்லுங்கள். முதல் வேண்டுகோள், பழைய எல்லைக்குள் அப்படியே திரும்பக் கட்ட உரிமை உண்டென்று அறிவிப்பது. மாற்று வேண்டுகோள், முதலாவதை விட்டுக்கொடுக்காமல், உள்வாங்கிய தூண் வடிவத்துக்கு விதிவிலக்கு. "முதல் உரிமைக்குப் பங்கமின்றி" என்ற வரி இரண்டாவதில் கட்டாயம் இருக்கட்டும். இரண்டுக்கும் ஒரே சர்வே வரைபடத்தை இணைத்து, பழைய எல்லையைக் கருப்பிலும் புதியதைச் சிவப்பிலும் போடுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் ஒரு நகல் அனுப்பிவிடுங்கள், இடம் மாறினாலும் தொகை குறையாது என்று அவர்களிடமிருந்து பதில் வாங்கிய பிறகு இரண்டாவது வேண்டுகோளை வாதிடலாம். அந்தப் பதில் விசாரணைக்கு முன்னால் வராவிட்டால் வாய்தா கேளுங்கள்.